கறுப்பியும் நான்கு குமருகளும்



உங்கள் வீட்டு வளவில் ஒரு கிழட்டுக் கோழி நிற்கிறதா? முட்டையிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, ஆனாலும் கூட்டின் ராணி தானே என்ற நினைப்போடு, குசினி வாசலில் வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கின்ற கோழி? அதற்குத் துணையாகவும் பிள்ளைகள் முட்டை தின்னவும் நாலைந்து குஞ்சுகளை வாங்கி விடலாம் என்று எண்ணியிருக்கிறீர்களா? அப்படியானால் இதை வாசித்துவிட்டு வாங்குங்கள். நான் வாசிக்காமல் வாங்கினேன். வாசிக்காமல் என்பதை விட, கேட்காமல் என்பதே சரி. கேட்டால் சொல்லக்கூடியவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கடலுக்கும் எங்கள் வேலிக்கும் இடையில் அதிக தூரமில்லை. எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். ஆகவே நான் இருப்பது மாமியின் வீட்டில். அரபுக் கல்லூரியில் ஓதி முடித்துப் பாடசாலையில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கின்ற மௌலவி ஆசிரியன் நான். இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன் என்றாலும் மாமி என்னோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. அது பகையல்ல, அந்தக் காலத்து மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவுக்கு அப்பால் நின்று மனைவியிடமோ மகளிடமோ சொல்லுவார். நான் கேட்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லுவார். நானும் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லுவேன். இப்படியே குடும்பம் நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கறுப்பி மாமியின் கோழி. உடம்பு முழுவதும் கறுப்பு, கழுத்தில் மட்டும் தேன் நிறம். அதன் கதை 2004 டிசம்பர் 26 இல் தொடங்குகிறது. அன்று கடல் வந்து வளவைத் துடைத்துக்கொண்டு போனது. வீட்டில் இரண்டு சுவர்கள்தான் மிஞ்சின. அந்த அழிவில் இலங்கையிலேயே அதிகமானோர் உயிரிழந்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். எங்கள் குடும்பத்திலும் ஆட்கள் போனார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த வருடம், கூடாரத்திலிருந்து திரும்பி வந்து கிடுகு வேய்ந்து குந்தியிருந்த நாளில், சம்மாந்துறையில் இருந்த மாமியின் தாத்தா ஒரு பேட்டுக் கோழியையும் ஏழு குஞ்சுகளையும் பன்பெட்டியில் வைத்துக் கொண்டு வந்து கொடுத்தாராம். வளவில் முதலில் நடந்த உயிர் அவைதான் என்று மாமி சொல்லுவார். அதன் பிறகு இந்த வீட்டில் பொரித்த கோழியெல்லாம் அந்த வழிதான். சில வருடங்களுக்கு முன் கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்தில் பதினொரு கோழிகளைக் கொண்டுபோனபோது மிஞ்சியது கறுப்பி ஒன்றுதான். அப்போதிருந்து தனியாகத்தான் நின்றது.

நான்கு குமருகள் வந்த கதைக்கு வருகிறேன். 2022 இல் நாடு பட்ட பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள். எரிவாயு இல்லை, பால்மா இல்லை. கோழித்தீன் விலை ஏறியதால் பண்ணைகள் மூடப்பட்டு முட்டை ஐம்பது ரூபாயைத் தாண்டியது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அந்த நாட்களில் ஒரு முட்டையை அடித்து மாவு கலந்து ஐந்து பேருக்குப் பொரித்த தாய்மார் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அப்போது பன்னிரண்டு வயதாக இருந்த என் இளைய மகள்தான், "வாப்பா, நம்மளே கோழி வளர்ப்பமே" என்றாள். பெருநாள் சல்லியை இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். 2023 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு, இரண்டு மாத வயதுடைய நான்கு பேட்டுக் குஞ்சுகளை அவளுடைய காசிலேயே வாங்கினோம். செம்மண் நிறம், கால்கள் மஞ்சள். நான்குக்கும் அன்றே பெயரும் வைத்துவிட்டாள்.

நான் செய்த பிழை இனித்தான்.

"இரவில் கோழிக்குக் கண் தெரியாது. இருட்டியதும் புதுக் கோழியைக் கூட்டுக்குள் விட்டுவிடு, விடியும்போது எல்லாம் ஒன்றாய்ப் பிறந்தது போல இருக்கும்." இப்படி ஒரு பேச்சு நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. இருட்டில் கோழி அசையாது, சண்டை பிடிக்காது. மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. விடியும் என்பதுதான் அந்தப் பாதி. விடிந்தால் கண் தெரியும், கூடோ பூட்டியிருக்கும்.

இஷாவுக்குப் பின் டோர்ச் வெளிச்சத்தில் நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கறுப்பியின் பக்கத்தில் வைத்தேன். கதவுக்கு அப்பால் மாமியின் குரல் கேட்டது. "மகள், வாப்பாக்கிட்டச் சொல்லுங்க, குஞ்சுகள் சின்னன், கொஞ்ச நாள் வேறயா வெச்சா நல்லம் எண்டு." நான் சுவருக்குச் சொன்னேன், "ஒன்றும் ஆகாது, காலையில் பழகிவிடும்" என்று. அறிவுரை சொல்லிப் பழகிய வாய்க்குக் கேட்டுப் பழக்கம் குறைவு.

சுபஹுக்குப் பள்ளிக்குப் போனேன். தொழுதபின் வழக்கமாக நேரே வீட்டுக்குத்தான் வருவேன். அன்று மஹல்லாவில் ஒரு விடயம் பேச வேண்டியிருந்தது, நின்றுவிட்டேன். திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. மகள் கூட்டின் முன் குந்தியிருந்தாள். அழவில்லை. மடியில் ஒரு குஞ்சு கிடந்தது. தலைத் தோல் பின்கழுத்து வரை உரிந்து எலும்பு தெரிந்தது. மற்ற மூன்றும் கூட்டின் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாய் ஏறி, முகத்தைச் சுவர்ப் பக்கம் புதைத்துக்கொண்டு நின்றன. கறுப்பி கூட்டின் நடுவில் இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

மாமி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினார். அசர் வரை இருந்தது. பிறகு போய்விட்டது. கிணற்றடிக்கு அப்பால் முருங்கை மரத்தடியில் மகளே குழி தோண்டிப் புதைத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு எழும்பி, அன்று முதன்முறையாக என்னைப் பார்த்து, "வாப்பா, கறுப்பிய அறுங்க. இண்டைக்கே அறுங்க" என்றாள்.

இந்த வீட்டில் கோழி அறுப்பவன் நான். கத்தி என் அலுமாரி மேல்தான் இருக்கும். கறுப்பியும் முட்டை போட்டு மாதக்கணக்காகிவிட்டது. தீன் விற்கிற விலையில் அதை வைத்திருப்பது நட்டம் என்று முன்பே இரண்டொரு முறை மனைவியிடம் முணுமுணுத்திருக்கிறேன். பிழை என்னுடையது என்று மகளிடம் ஒப்புக்கொள்வதை விட, கோழியின் மேல் போட்டு அறுத்துவிடுவது எனக்கு எளிதாகத்தான் இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

கதவுக்கு அப்பால் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு மாமி என் மனைவியிடம் சொன்னார். "புள்ள, மருமகனுக்குச் சொல்லு. அறுக்கிற எண்டா அறுக்கட்டும். நம்மட ஊட்டுக் கோழிதானே, தின்னுற சாமான்தானே. ஆனா கோபத்தோட கத்திய எடுக்க வேணாம். கூட்டப் பூட்டினது கோழி இல்ல."

கூட்டைப் பூட்டியது கோழி இல்லை. பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல் தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸை எத்தனை வகுப்புகளுக்குப் படிப்பித்திருப்பேன்! ஓட வழியில்லாத இடத்தில் ஒரு சிறிய உயிரை அடைத்தது நான்தான். கத்தி அலுமாரி மேலேயே கிடந்தது.

மறுநாள் பாடசாலை விட்டு வரும் வழியில் கால்நடை வைத்திய அலுவலகத்தில் இறங்கினேன். அங்கே கடமையாற்றும் சகோதரி ஒருவர் முதலில் கேட்ட கேள்வி சண்டையைப் பற்றியதல்ல. "புதுக் கோழியை எத்தனை நாள் தனியே வைத்துப் பார்த்தீர்கள்?" என்பதுதான். நான் ஒரு நாளும் வைக்கவில்லை. புதிதாக வரும் கோழி பார்வைக்கு நல்ல சுகமாக இருக்கும், உள்ளே நோய் இருக்கலாம். சளி, கழிச்சல், அம்மை என்று பலதும் இப்படித்தான் ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்குப் போகின்றன. ஆகவே முதல் இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், பழைய கோழியின் கூட்டிலிருந்து தூரமாக வைத்து, கண்ணில் நீர் வடிகிறதா, தும்முகிறதா, எச்சம் எப்படி என்று பார்க்க வேண்டும். பழைய கோழிக்குத் தீன் வைத்து முடித்த பிறகுதான் புதியவற்றிடம் போக வேண்டும். மறுபக்கமாகப் போவதானால் கையையும் செருப்பையும் கழுவ வேண்டும். கழிச்சல் நோய்க்கு, அதாவது ரானிக்கெட்டுக்கு, தடுப்பு மருந்து கண்ணில் சொட்டாக விடலாம். அம்மைக்கு இறக்கைத் தோலில் குத்துவார்கள். பதினொரு கோழிகளை ஒரே வாரத்தில் புதைத்த வீட்டுக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

சண்டை ஏன் வருகிறது என்பதையும் அவர் விளக்கினார். பிறகு நானும் தேடிப் படித்தேன். கோழிகளுக்குள் வரிசை உண்டு. எது எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தெரியும். தீன் தட்டில் யார் முதலில், கம்பில் எந்த இடம் யாருக்கு என்பதெல்லாம் இந்த வரிசைப்படிதான். சிறு வயதிலிருந்தே கோழிகளை உட்கார்ந்து கவனித்து வந்த நோர்வே நாட்டவர் ஒருவர், தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர், 1921 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் இதை எழுதினார். "கொத்தும் வரிசை" என்று உலகம் இன்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். நம் மூத்தம்மாமார் ஆய்வு எழுதவில்லை, ஆனால் எந்தக் கோழி எதற்குப் பயம் என்று கேட்டால் அடுப்படியிலிருந்தே சொல்லியிருப்பார்கள்.

புதிய கோழி வந்தால் அந்த வரிசை குழம்பும். யார் மேல், யார் கீழ் என்று மறுபடி தீர்க்க வேண்டும். திறந்த வளவில் இது பெரிய விடயமல்ல. பெரியது ஒரு கொத்துக் கொத்தும், சிறியது ஓடும். ஓடியதே அடங்கியதற்கு அடையாளம், பெரியது அதோடு விட்டுவிடும். பூட்டிய கூட்டில் சிறியதால் ஓட முடியாது. ஓடாததால், அடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பெரியது மேலும் கொத்தும். இரத்தம் கண்டால் இன்னும் மோசம். சிவப்பு நிறம் கோழியை இழுக்கும், மற்றக் கோழிகள் இருந்தால் அவையும் சேர்ந்து கொத்தும். கறுப்பி செய்தது கொலையல்ல. அதற்குத் தெரிந்த ஒரே வழியில் அது தன் வீட்டைக் காத்தது. இதை மகளுக்கு விளக்கினேன். "தெரியும் வாப்பா" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த பத்து நாளும் தேவைக்கு மேல் என்னோடு கதைக்கவில்லை.

எஞ்சிய மூன்றையும் இரண்டு வாரம் குசினிக்குப் பின்னால் பழைய மீன்பெட்டிகளை அடுக்கித் தனியே வைத்தோம். பிறகு நானும் மகளும் கறுப்பியின் கூட்டை ஒட்டி, கம்பி வலையால் ஒரு மறைப்புக் கட்டினோம். வலையின் கண் சிறியதாக இருக்க வேண்டும், தலை நுழையக் கூடாது. இந்தப் பக்கம் குமருகள், அந்தப் பக்கம் கறுப்பி. பார்க்கலாம், கேட்கலாம், தொட முடியாது. இரண்டு வாரம் போதும் என்பார்கள். நாங்கள் நான்கு வாரம் வைத்தோம். காரணம் குஞ்சுகளின் அளவு. இரண்டு மாதக் குஞ்சு பெரிய கோழியின் பாதிதான் இருக்கும். மூன்றரை, நான்கு மாதமாகி, பழைய கோழியின் அளவுக்குக் கிட்ட வந்த பிறகு சேர்ப்பதே பாதுகாப்பு.

அந்த நான்கு வாரமும் மாமி பின்னேரங்களில் ஒரு கட்டையைப் போட்டுக்கொண்டு வலையின் அருகில் குந்தியிருப்பார். கண் பார்வை குறைவு, ஆனால் சத்தத்தை வைத்தே சொல்லுவார். முதல் நாட்களில் கறுப்பி கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வலை நெடுகிலும் நடந்தது. வலையைக் கொத்தியது. நான்காம் ஐந்தாம் நாள், பார்த்துவிட்டுப் போகத் தொடங்கியது. இரண்டாவது வாரம் வலைக்குப் பக்கத்திலேயே மண்ணில் குளித்தது. "இப்ப முதுகைக் காட்டுது" என்றார் மாமி. முதுகைக் காட்டுவது நல்ல அறிகுறியாம். தீன் தட்டுகளை வலையின் இரு பக்கமும் ஒட்டி வைக்கச் சொன்னதும் அவர்தான். பக்கத்தில் இருந்து தின்றால் பழகும் என்றார். அதையேதான் அந்த அலுவலகச் சகோதரியும் சொல்லியிருந்தார்.

தீன் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. முட்டைக் கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை நான்கு பங்கு வரை இருக்கும். வளரும் குஞ்சுக்குத் தேவை ஏறக்குறைய ஒரு பங்குதான். மிகுதி அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு தரத்தாரும் ஒன்றாய்த் தின்னும்போது வளரும் கோழிக்கான தீனையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு, காய வைத்து நொறுக்கிய முட்டைக் கோதையோ சிப்பி ஓட்டையோ ஒரு சிரட்டையில் தனியே வையுங்கள். வேண்டிய கோழி போய்த் தின்னும். குஞ்சுகள் அதிகம் தொடமாட்டா.

வலையைத் திறந்த நாள் ஒரு சனிக்கிழமை. விடுமுறை நாளாகப் பார்த்தே திறந்தோம், நாள் முழுக்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக. கூட்டுக்குள் அல்ல, வளவில் திறந்தோம். கறுப்பிக்கும் சொந்தமில்லாத, குமருகளுக்கும் சொந்தமில்லாத, தென்னை நிற்கும் வடக்கு மூலையில். மகள் முன்னேற்பாடாக மூன்று இடத்தில் தீன், மூன்று இடத்தில் தண்ணீர் வைத்தாள். கிட்டக் கிட்ட அல்ல, ஒரு தட்டில் நின்று மற்றத் தட்டைக் காவல் காக்க முடியாத தூரத்தில். சுவரோடு பலகைகளைச் சாய்த்து வைத்தாள், ஓடி ஒளிவதற்கு. ஒரு பக்கம் மட்டும் திறந்த ஒளிவிடம் பொறியாகிவிடும், இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். முருங்கைக் கீரையைக் கட்டி, எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்க விட்டாள். கவனம் கீரையில் போனால் சண்டை குறையும் அல்லவா?

கறுப்பி மூன்றையும் துரத்தியது. மூன்றும் ஓடின. ஒரு கொத்து, ஒரு கத்தல், கொஞ்சம் இறகு. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாட்களுக்குப் பின் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான். "பிரிப்பமா வாப்பா?" என்றாள். கதவுக்கு அப்பால் குரல், "பிரிக்க வேணாம். கொத்தட்டும். ரெத்தம் வந்தாலும், கீழ போட்டு ஏறி நிண்டாலும் மட்டும் பிரிக்கணும்." சகோதரிகளே, இது முக்கியம். ஒவ்வொரு கொத்துக்கும் இடையில் பாய்ந்து பிரித்தால் அவை ஒருபோதும் தீர்த்துக்கொள்ளமாட்டா. ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் விட்டு வலைக்குள் அனுப்பினோம். அடுத்த நாள் இரண்டு. பிறகு பின்னேரம் முழுவதும்.

எல்லாம் நேராகப் போகவில்லை. மூன்றில் சிறியதை மட்டும் கறுப்பி விடாமல் தேடிப் போய்க் கொத்தியது. அது தீனுக்கே வரவில்லை, பலகைக்குப் பின்னாலேயே நின்றது. பாவம் என்று அதைத் தூக்கி வேறாக வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் திரும்பி வரும்போது அது மறுபடி அந்நியமாகி, இன்னும் அதிகமாக அடி வாங்கும். எடுக்க வேண்டியது அடிப்பதை. அலுவலகச் சகோதரி சொன்னபடி கறுப்பியைப் பிடித்துத் தனிக் கூண்டில் மூன்று நாள் வைத்தோம். தீன் தண்ணீர் எல்லாம் தாராளம், வளவு மட்டும் இல்லை. அந்த மூன்று நாளும் மாமி அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் குந்தியிருந்தார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள்.

எனக்கு ஏதோ செய்தது. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எந்தக் கதிரையில் உட்காருவது, எந்தக் கோப்பையில் தேநீர் குடிப்பது என்று தெரியாமல் விறாந்தையில் நின்றவன் நான். மாமாவின் சாய்மனைக் கதிரையில் தெரியாமல் ஒருநாள் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் வீடு அமைதியாகிவிட்டது. வந்தவனுக்கு இடம் கொடுக்கப் பழையவர்கள் எவ்வளவு நகர வேண்டியிருக்கும் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் கறுப்பியை விட்டோம். இப்போது வளவு குமருகளுக்குப் பழகியிருந்தது, வந்து சேர்ந்தது கறுப்பிதான். சிறியதை ஒரு தரம் துரத்தியது. அது தென்னையைச் சுற்றி ஓடிவிட்டுத் திரும்பி வந்து தின்றது. அவ்வளவுதான்.

கடைசியாகத்தான் கூடு. கூட்டையும் பெரிதாக்கினோம். ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது வேண்டும், கம்பு எல்லோருக்கும் இடமிருக்கும் நீளத்தில் இருக்க வேண்டும். இருட்டிய பின் குமருகளைக் கம்பில் வைத்தோம். ஆம், நான் முதல் நாள் செய்த அதே வேலைதான். ஆனால் இப்போது அவை அறிமுகமானவை, அளவில் ஒத்தவை, விடியும்போது கதவைத் திறக்க ஆளும் உண்டு. கீரிக்கும் மரநாய்க்கும் பயந்து இருட்டில் திறந்து வைக்க முடியாது. நான் சுபஹுக்குப் போக, மகள் வீட்டில் தொழுதுவிட்டு, வெளிச்சம் விழும்போது கூட்டடியில் போய்க் குந்தியிருந்து திறப்பாள். இரண்டு வாரம் தவறாமல் செய்தாள். நானும் அந்த இரண்டு வாரம் பள்ளி வாசலில் யாரோடும் நின்று கதைக்கவில்லை.

குஞ்சை ஒருபோதும் தனியாக ஒன்றை மட்டும் கொண்டுவந்து விடாதீர்கள். அடி முழுவதும் அதன் மேல்தான் விழும். இரண்டு மூன்றாவது வேண்டும். ஒருநாள் வயதுக் குஞ்சுகள் கிடைத்து, உங்கள் பழைய கோழி அடை கிடந்தால், அது வேறு கதை, சுலபமான கதை. கோழி மூன்று வாரமளவில் அடை கிடந்த பிறகு, இரவில் முட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளைச் செட்டைக்கு அடியில் விட்டால் பெரும்பாலும் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும். அதிலும் விடியும்போது போய்ப் பாருங்கள். கொத்துகிற கோழியும் உண்டு. ஏற்காவிட்டால் குஞ்சுகளுக்கு நீங்கள் சூடு கொடுக்க வேண்டும். முதல் வாரம் முப்பத்தைந்து பாகை செல்சியஸ் அளவு, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம்.

குமருகள் ஆறாம் மாதம் முட்டையிடத் தொடங்கின. முதல் முட்டை சிறியது, ஓட்டில் கொஞ்சம் இரத்தக் கீற்று. மகள் அதைத் தன் காசுக்குக் கிடைத்த இலாபம் என்று கணக்கெழுதி வைத்தாள். ஆனால் தான் தின்னவில்லை, அவித்து மாமிக்குக் கொடுத்தாள். மாமி பாதியை வெட்டி ஒரு பீங்கானில் வைத்து மனைவியிடம் கொடுத்தார். "இத மருமகனுக்குக் குடு" என்ற குரல் கேட்டது.

கறுப்பிக்கு இப்போது எட்டு வயது. குமருகள் மூன்றும் அதைவிடப் பெருத்துவிட்டன, ஆனால் தண்ணீர்த் தட்டில் இன்னும் அதுதான் முதலில். கம்புக்கு முன் போலப் பாய்ந்து ஏற முடிவதில்லை. கம்பை அரை அடி இறக்கிக் கட்டினேன், அதற்கும் சில நாள் தவறி விழுகிறது. அதை மன்னிக்கவில்லை என்றுதான் மகள் இன்னமும் சொல்கிறாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் அவளைத்தான் கூட்டடியில் காணலாம். கறுப்பியை இரண்டு கையாலும் தூக்கி, கம்பில் அதன் பழைய இடத்தில் வைத்து, கால் பற்றிப் பிடிக்கும் வரை விடாமல் நிற்பாள்.